பம்ப் அடி, பின் குத்து, பற்ற வை!

சமையலறைக்கென்று மனிதர் செய்த சாமான்களிலேயே எது அழகு என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். மூன்று கால், பித்தளை வயிறு, இடுப்பில் பம்ப், தலையில் பர்னர். பம்ப் ஸ்டவ்தான்! புனேயின் போபோடியில் எங்கள் வீட்டில் கேஸ் உண்டு, கீசர் உண்டு, இண்டக்‌ஷனும் உண்டு. இருந்தும் டிசம்பர் பிறந்துவிட்டால் பரணிலிருந்து அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பால்கனியில் வைத்துவிடுவேன். முளா ஆற்றுப் பக்கமிருந்து வருகிற குளிர் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிற நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, மேலே தவலையில் தண்ணீரை ஏற்றி, ஹோவென்ற அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பதில் இருக்கிற சுகம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

அதைவிடப் பெரிய சுகம் அதைப் பிரித்து மாட்டுவது. கீசர் கெட்டால் ஆளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வருகிறவரும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்பார். பம்ப் ஸ்டவ்வில் எனக்கு எட்டாத இடமே கிடையாது. ஒவ்வொரு திருகும் கழலும். ஒவ்வொரு வாஷரையும் மாற்றலாம். ஒரு ஸ்பேனர், நிப்பிள் சாவி, வால்வு சாவி, ஸ்டவ் பின். இந்த நான்கும் கையில் இருந்தால் போதும், வீட்டு ஜன்னலோரமே பட்டறைதான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கட்கி அம்யூனிஷன் ஃபேக்டரி 1869-ல் வந்தது. அதையும் கண்டோன்மெண்டையும் சுற்றியிருந்த பட்டறைகளையும் நம்பித்தான் கட்கியிலும் போபோடியிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வந்து ஊன்றின. அப்பா ஃபிட்டர். பெண் பிள்ளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோதெல்லாம், "அடுப்பு அவதானே பத்த வைக்கப்போறா, அவளுக்குத்தான் தெரியணும்" என்பார். எவ்வளவு நியாயமான பேச்சு!

இந்த அடுப்பின் குலம் பெரிய குலம். திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்புகள் புகை கக்கி, பாத்திரத்தைக் கரியாக்கிக்கொண்டிருந்த காலத்தில், சுவீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிலாளி 1892-ல் புகையில்லாத அடுப்பைச் செய்துகாட்டினார். பிரைமஸ் என்று பெயர். அடுத்த ஆண்டே அது நான்சனோடு ஃபிராம் கப்பலில் ஏறி வடதுருவக் கடலுக்குப் போயிற்று. 1911-ல் அமுண்ட்சென்னுடன் தென்துருவம் போயிற்று. எனக்கு மிகப் பிடித்தது 1953 மே மாதத்துக் கதை. எவரெஸ்ட்டின் கடைசி முகாமில் விடிந்து பார்த்தால் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துகிடக்கிறது. அதைப் பிரைமஸ் தீயில் வாட்டி இளக்கிக் காலில் மாட்டிக்கொண்டுதான் அவர் டென்சிங்கோடு சிகரம் ஏறினார். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே, மூச்சுக்கே காற்றுப் போதாத இடத்திலும் எரிந்த அடுப்பு அது! நம் ஊரிலோ அது கல்யாணச் சீரில் வந்தது, மாற்றலாகிப் போகிறவர்களோடு டிரங்குப் பெட்டிக்குள் ரயிலேறிற்று, மாணவர் விடுதி அறைகளில் ஒளிந்துகொண்டு முட்டை வேகவைத்தது.

அதன் வேலை இவ்வளவுதான்: தொட்டியில் முக்கால் அளவுக்கு மண்ணெண்ணெய், மீதி இடம் காற்றுக்கு. பம்ப் அடித்தால் காற்று அழுந்தி, எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. பர்னர் முன்பே சூடாக இருப்பதால் எண்ணெய் அங்கே ஆவியாகிறது. அந்த ஆவி, நிப்பிளின் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளை வழியாகச் சீறி வந்து, வழியில் காற்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டு, நீலமாக எரிகிறது. எரிகிற சூடே அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், குழாய் இணைப்பு வேண்டாம்.

பற்றவைப்பதில்தான் பொறுமை வேண்டும். நான் காக்கடா வைத்திருக்கிறேன், இடுக்கி மாதிரி வளைத்த கம்பியின் நுனியில் துணி சுற்றியது. அதை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, பர்னரின் கழுத்தில் கவ்வ வைத்துவிடுவேன். அப்போது காற்றுத் திருகு திறந்தே இருக்க வேண்டும். துணியில் தீ தணிந்து, கடைசியாகப் படபடக்கிற தருணம் ஒன்று வரும். அப்போது திருகை மூடி மெல்ல நாலு அடி அடித்தால் முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு குபுக், பிறகு தட்டைச் சுற்றி நீல வளையம்! அவசரப்பட்டு அடித்தால் ஆவியாகாத எண்ணெய் மஞ்சள் தீயாகக் கிளம்பும். கிளம்பட்டுமே, காற்றுத் திருகைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கித் தானாக அடங்கிவிடும். இப்படி ஒரு திருகில் மொத்த அடுப்பையும் அடக்கிவைத்த யோசனைக்கே கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். என் உயிர் இருப்பது இங்கேதான்.

பம்ப் தண்டின் நுனியில் கிண்ணம் போலக் குவிந்த ஒரு தோல் வாஷர் இருக்கும். அதன் வாய் தொட்டிப் பக்கம் பார்க்கும். தண்டை மேலே இழுக்கும்போது அதன் ஓரத்தைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. அழுத்தும்போது அந்த ஓரம் விரிந்து, குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காற்றை ஒரு துளிகூடத் திரும்ப விடுவதில்லை. மாட்டுத்தோலில் வெட்டிய இந்தச் சின்னக் கிண்ணத்தை நம்பித்தான் முழு அடுப்பும் நிற்கிறது. ஒன்பது மாதம் பரணில் கிடந்தால் தோல் காய்ந்து சுருங்கிவிடும், பம்ப் அடித்தால் கைக்குக் கனமே தெரியாது. ஸ்டவ் கெட்டுவிட்டது என்று பலர் பழைய இரும்புக் கடையில் போட்டது இதற்காகத்தான் என்பதை நினைத்தால் மனசு வேகிறது. மூடியைத் திருகித் தண்டை உருவி, தோலை எண்ணெயில் ஊறவைத்தால் தீர்ந்தது.

எந்த எண்ணெய் என்பதிலும் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார்கள், அங்கே சரி. போபோடியில் டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாக நிற்கும், வாஷரில் மட்டும் இளகியா இருக்கும்? ஆகவே விளக்கெண்ணெய். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் எடுத்தால் தோல் மினுமினுவென்று, விரலுக்குள் குழைந்து நிற்கும். பெருவிரலால் அதன் ஓரத்தைச் சுற்றிலும் மெல்ல வெளியே விரித்துவிட வேண்டும். குழாய்க்குள் செருகும்போது நேரே குத்தக் கூடாது. தண்டைச் சுழற்றிச் சுழற்றி, ஓரம் மடங்காமல் உள்ளே அனுப்ப வேண்டும். அப்புறம் அடித்துப் பாருங்கள், நாலாவது அடியிலேயே கையை எதிர்த்துத் தள்ளும். அந்தக் கனம் உள்ளங்கையில் ஏறும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அத்தனை சந்தோஷம்.

அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் தண்டு தானாக மேலே எழும்பினால் குற்றம் வாஷரில் இல்லை, குழாயின் அடியிலிருக்கும் வால்வில். காற்றை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாமல் காப்பது அதன் வேலை. உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் தக்கையோ ரப்பரோ ஆன பொட்டும் இருக்கும். பொட்டு இறுகிப் போனால் எண்ணெய் பம்ப் குழாய்க்குள்ளேயே வந்துவிடும். நீளக்கால் சாவியை உள்ளே விட்டுத் திருகி எடுத்து, பொட்டை மாற்றினால் போதும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் பம்ப் வழியாக வெளியே கசிகிற ஸ்டவ்வைப் பற்றவைக்கவே கூடாது.

நிப்பிளைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. அதில் கரி அடைத்தால் தீ தள்ளாடும், பக்கமாகச் சாயும், இரைச்சல் கம்மும். பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்த தகரப் பின்னை ஞாபகமிருக்கிறதா? நுனியில் மயிரிழைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போதே அதால் ஒரு குத்து, உடனே தீ நிமிர்ந்துவிடும். அவசரத்துக்கு அது சரி. ஆனால் மேலேயிருந்து குத்தினால் கரி பர்னருக்குள்ளேதான் விழுகிறது. நான் ஆறிய பிறகு நிப்பிளையே கழற்றி, அடிப்பக்கத்திலிருந்து குத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். துளை வட்டமாக, நட்சத்திரம் ஒன்று பதித்த மாதிரி பளிச்சென்று தெரிந்தால் திரும்ப மாட்டலாம். குத்திக் குத்தி முட்டை வடிவமாகியிருந்தால் புது நிப்பிள்தான் போட வேண்டும். பெரிதாகிவிட்ட துளையில் எண்ணெய்தான் வீணாகும், தீயும் மஞ்சளாகவே நிற்கும்.

பர்னர் வளைவுக்குள் கரி படிவது வருஷக்கணக்கில் நடப்பது. கழற்றிய பர்னரை வேறொரு தீயில் மங்கலாகச் சிவக்கும் வரை காய்ச்சி, தானாக ஆறவிட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் உள்ளே இருப்பது கறுப்புச் செதிளாக உதிரும். மிச்சத்துக்கு சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து உள்ளே விட்டுத் துழாவுவேன். எவ்வளவு கரி கொட்டும் என்கிறீர்கள்! அதற்குப் பிறகு அதே பர்னர் எரிகிற எரிப்பைப் பார்க்க எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா காக்குவையே கூப்பிட்டுவிடுவேன். அவர் வீட்டில் இதை ராக்கேல் ஸ்டவ் என்பார்கள், சங்கராந்திக்கு எள்ளு வறுக்க இன்றைக்கும் என்னிடம் வாங்கிக்கொண்டு போவார்.

உதிரிச் சாமான் தேடுவதற்கு இந்த ஊர் சொர்க்கம். தோல் வாஷரும் ஈய வாஷரும் ரவிவார் பேட்டையில் போஹ்ரி ஆளித் தெருக் கடைகளில் வாங்குகிறேன். எந்தத் திருகைக் கேட்டாலும் டப்பாவைத் துழாவி எடுத்துத் தருகிற கடைகள் அவை. பழைய ஸ்டவ்வே வேண்டுமென்றால் ஜூனா பஜார், புதனும் ஞாயிறும். கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளிக்குப் போனால் பேஷ்வா காலத்திலிருந்து செம்பு அடிக்கிற குடும்பங்கள் இன்றும் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கின்றன. வெந்நீர் பாய்லர் செய்த கைகளுக்குப் பித்தளைத் தொட்டியின் சொட்டையை எடுப்பது பெரிய காரியமில்லை. விரிசலுக்குப் பற்றவைப்பதை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை. காலித் தொட்டி என்று நினைப்போம், உள்ளே ஆவி நிற்கும், அதில் சூட்டுக்கோலை வைத்தால் ஆபத்து. அது கைதேர்ந்தவர் வேலை.

இப்போது சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. ஸ்டவ் என்றதும் ஒரு தலைமுறைக்கே ஞாபகம் வருவது 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற பத்திரிகைச் செய்திதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அது வராத வாரமில்லை. அதே அடுப்பில் மாமியார் சமைத்தார், நாத்தனார் சமைத்தார், வெடித்தது மட்டும் ஏன் கல்யாணமாகி வந்த மருமகளின் முறையில்? பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்த பிறகுதான் 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் கணவர் வீட்டாரின் கொடுமைக்கான 498ஏ வந்தது, 1986-ல் வரதட்சிணைச் சாவுக்கான 304பி வந்தது. வெடித்ததாகச் சொன்ன தொட்டி எத்தனை வீடுகளில் உடையாமல் உட்கார்ந்திருந்ததோ! ஒரு பெண்ணைக் கொன்ற கைகள் தப்பித்துக்கொள்வதற்காகப் பழியைப் பித்தளையின் தலையில் போட்டன. நான் இந்த அடுப்பைக் கொண்டாடுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்களை நினைக்காமல் இருந்ததில்லை.

நிஜ விபத்துகளும் நடந்தன, மறுக்கவில்லை. எண்ணெயில் பெட்ரோல் கலப்படம், எரியும்போதே மூடியைத் திறந்து ஊற்றியது, நிப்பிள் அடைத்திருக்கத் தீ வரவில்லையென்று பலம் கொண்ட மட்டும் அடித்துக்கொண்டே போனது, தகரத்தில் செய்த மட்டமான தொட்டி. இத்தனையும் தடுக்கக்கூடியவை. தீயை அணைத்து, காற்றைத் திறந்து, தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஸ்டவ்வை நான் கையால் தொடுவதில்லை.

இதன் தூரத்து உறவுக்காரர் ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர்! நீகாட்டா மாகாணத்தின் டைனிச்சி, கொரோனா நிறுவனங்கள் இதில் பேர்போனவை. கொரோனா தொடங்கியதே மண்ணெண்ணெய் அடுப்பில்தான் என்று தெரிந்த அன்று எனக்கு ஒரே குதூகலம். தத்துவம் நம் ஸ்டவ்வினுடையதே. கைப்பம்புக்குப் பதில் மின்சாரப் பம்ப், காக்கடாவுக்குப் பதில் மின்சாரத்தில் சூடாகும் ஆவியாக்கி, எரிந்த சூட்டை அறைக்குள் தள்ள ஒரு விசிறி. போன குளிர்காலத்தில் அங்கே வேலை பார்க்கும் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான்.

"சித்தி, ஹீட்டர் எரிய ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுடுது."

"எண்ணெய் புதுசா, போன வருஷத்ததா?"

"கேன்ல மிச்சம் இருந்துது..."

எனக்குப் புரிந்துவிட்டது. வெயில் பட்டுக் கோடையைத் தாண்டிய மண்ணெண்ணெய் நிறம் மாறிக் கெட்டுப்போகும், ஆவியாக்கியில் தார் படியும். பழையதை வடித்து, வடிகட்டியில் தேங்கிய தண்ணீரைத் துடைத்து, பின்பக்க விசிறி வலையில் அப்பியிருந்த தூசியைத் தட்டச் சொன்னேன். புது எண்ணெய் ஊற்றினான், நின்று எரிந்தது! இன்னொரு வில்லனும் உண்டு, அந்த அறையில் தலைக்கு ஸ்பிரே அடிப்பது. அதிலிருக்கும் சிலிக்கோன் எரிந்து, தீ இருக்கிறதா என்று பார்க்கும் கம்பியின்மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அது தீயைக் காணோம் என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆவியாக்கியை மட்டும் நீ பிரிக்காதே, அது கடைக்காரர் வேலை என்றும் சொல்லிவைத்தேன். மணிக்கு ஒன்றிரண்டு முறை ஜன்னலைத் திற என்றும்.

ஜன்னல் விஷயம் நமக்கும்தான். குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் ஸ்டவ்வை எரித்துக் குளிர்காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். என் ஸ்டவ் பால்கனியை விட்டு உள்ளே வருவதில்லை. பால்கனியிலிருந்து மேலே பார்த்தால் 2023 ஆகஸ்டில் எங்கள் போபோடிக்கு வந்த மெட்ரோ ஓடும், கீழே என் ஸ்டவ் இரையும். இரண்டும் இருக்கிற காலத்தில் வாழக் கொடுத்துவைத்திருக்கிறேன்.

எண்ணெய்க்கு ஒரு வார்த்தை. ரேஷனில் வந்த நீல எண்ணெய் எங்கள் கார்டுக்கு நின்று காலமாகிவிட்டது, வெளியில் வெள்ளை எண்ணெய்தான் வாங்குகிறேன். விலை கூடுதல், ஆனால் என்ன சுத்தம்! எதுவானாலும் ஒரு ராத்திரி கண்ணாடிப் பாட்டிலில் நிறுத்திவைப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் மணியாக உருண்டு நிற்கும். மேலே தெளிந்ததை மட்டும் துணி வைத்த புனலில் ஊற்றினால் நிப்பிள் மாதக்கணக்கில் அடைக்காது.

நீங்களும் ஒன்று வாங்கத் துணிந்தால், ஜூனா பஜாரில் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், பளபளப்பு ஐந்து நிமிடப் புளிக் காரியம். தொட்டியைக் கவிழ்த்து, கால்கள் பற்றவைத்த இடங்களையும் அடித் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பர்னர் கழுத்தை ஆட்டினால் அசையக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எண்ணெய் ஊற்றாமலே பம்ப் அடித்து, தொட்டியை வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வராவிட்டால் அதிர்ஷ்டம், வந்தால் எங்கே என்று குறித்துக்கொண்டு நேரே தாம்பட் ஆளி. போகும்போது வழியில் ஈய வாஷர் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பர்னரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத்தான் போட வேண்டும்.